டிரையர் கதவில் ஆறு பெயர்கள்

எங்கள் சலவைக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடம் கொடுப்பார்கள். டப்பாவைத் திறந்து, சாப்பிட்டு, கழுவிக் கவிழ்க்கப் பதினைந்து நிமிடம் தாராளம். மீதி இருபத்தைந்து நிமிடத்தில் மனிதன் என்ன செய்வான்? சில இடங்களில் சீட்டு ஆடுவார்கள். சில இடங்களில் முதலாளியைத் திட்டுவார்கள். நாங்கள் உலகத்திலேயே, எக்காலத்துக்கும், பெரிய ராப்பர் யார் என்று சண்டை போடுவோம்.

"நடந்ததை முதல்லேருந்து எழுதுங்க" என்று காகிதமும் பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முதல். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் என்னை ஏதோ மூளை கலங்கியவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

துணி வெளுக்கிறவர்களுக்கு ராப் எதற்கு என்று உங்கள் பக்கத்தில் இருந்த இன்னொரு ஐயா சிரித்தார். ஒரு நாள் எங்கள் கூடத்துக்குள் வந்து நின்று பாருங்கள். ஏழு மெஷின் ஒன்றாக ஓடும்போது மெல்லிசை எதுவும் காதில் ஏறாது. அடித்துச் சொல்கிற சொல் மட்டும்தான் ஏறும். அதனால் எங்களுக்கு ராப். பிடித்துப்போன பிறகு அதில் பெரியவன் யார் சின்னவன் யார் என்ற பேச்சு தானாக வந்தது.

வேன் டிரைவருக்கு மூச்சுதான் கணக்கு. ஆஸ்பத்திரியிலும் விடுதிகளிலும் அழுக்கு மூட்டையை ஏற்றி வரும் வழியெல்லாம் பாட்டைப் போட்டு, எவன் எங்கே மூச்சு விடுகிறான் என்று எண்ணிக்கொண்டே வருவார். சோப்பு என்று ஒருவர் இருக்கிறார். சோப்பும் ப்ளீச்சும் அளந்து ஊற்றுவது அவர் வேலை, சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். அவருக்கு எதுகை விழ வேண்டும், விழாவிட்டால் சாப்பாடு இறங்காது. உருளை இஸ்திரியில் படுக்கை விரிப்பு விடுகிற இஸ்திரி அக்கா இருவரையும் ஒரே போடாகப் போடுவார். "என்ன சொல்றான்னு புரியணும். சொல்றது பொய்யா இருக்கக் கூடாது. மத்ததெல்லாம் உங்க ரெண்டு பேரு வீம்பு."

நான் மெஷின் மேஸ்திரி. எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது. எல்லாப் பக்கமும் கேட்டுவிட்டு நியாயம் சொல்வேன். கூடத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், மேஸ்திரி ஓரவஞ்சனை செய்யமாட்டார் என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கும் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது ஆள் என் மாப்பிள்ளை, என் தங்கையின் கணவன். அவன் இவன் என்று எழுதுகிறேன், மரியாதைக் குறைவு இல்லை. தங்கையைக் கட்டுவதற்கு முன்பிருந்தே எனக்கு நண்பன். வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான், அவளுக்குப் பேசி முடித்ததும் நான்தான்.

கூடத்தின் மூலையில் பழுதாகிப்போன பழைய டிரையர் ஒன்று நிற்கிறது. அதன் கதவில்தான் எங்கள் பட்டியல், அழியாத மார்க்கரில். ஒரு பெயர் ஏற வேண்டுமென்றால் ஐந்து பேரும் கை தூக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் ஏறாது. இப்படி வருஷக் கணக்கில் சண்டை போட்டு ஏழு பேரை ஏற்றியிருந்தோம். பெயரென்றால் நாங்கள் வைத்த பட்டப்பெயர்தான். கிழவன், துறைமுகம், திக்குவாய் என்று. திக்குவாய் பேசினால் திக்குவானாம், பாடினால் ஒரு இடத்தில்கூடத் தடுக்காது. இருபத்து நாலு வயதில் போய்ச் சேர்ந்தான்.

முதல் இடத்தில் புலி இருந்தான். புலிக்கு ஐந்து கையும் ஒரே நொடியில் எழுந்தன. அப்படி ஒரு ஆள். ஆனால் புலி உயிரோடு இருந்தான், அதுதான் வினை. ஒருநாள் டிவியில் வந்தான், ராத்திரி உடையில், ஒரு மெத்தைமேல் குதித்துக்கொண்டு. "படுத்தா சுகம், எழுந்தா முகம்" என்று ஏதோ பாடினான். மறுநாள் மதியம் எங்கள் ஐந்து பேர் முகத்திலும் ஈயாடவில்லை. வேன் டிரைவர் டப்பாவைத் திறக்கவே இல்லை. நான் ப்ளீச்சில் துணியை நனைத்து அந்தப் பெயரைத் தேய்த்து எடுத்தேன். பெயர் போனது, அந்த இடத்துப் பெயின்ட்டும் சேர்ந்து போனது.

அன்றைக்கு நான் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். உயிரோடு இருக்கிறவன் எவனும் இனிமேல் கதவில் ஏறக் கூடாது. இருக்கிறவன் என்றைக்கு எதைச் செய்து பெயரைக் கெடுத்துக்கொள்வான் என்று யாருக்குத் தெரியும்? செத்தவன் மெத்தை விற்க மாட்டான். எல்லாரும் கை தூக்கினார்கள். மாப்பிள்ளை கை தூக்கிக்கொண்டே, "அப்ப நான் கதவுல ஏறணும்னா முதல்ல சாகணுமா மச்சான்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அப்போது என் மனதில் ஒன்றுமே இல்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும். முதல் இடம் அப்படியே காலியாக இருந்தது. மீதி ஆறு பேரில் யாரை மேலே ஏற்றுவது என்பதில் ஐந்து கை சேரவே இல்லை.

மாப்பிள்ளை விளையாட்டுக்குச் சொன்னாலும், அவன் ராப் பண்ணுவான் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்களிடம் இருப்பதிலேயே பெரிய மெஷினை யானை என்போம். அதன் உருளை ஒரு பக்கம் சுற்றும், ஒரு கணம் நிற்கும், பிறகு மறுபக்கம் சுற்றும். அந்தத் தாளத்துக்குப் பாடுவான். சுற்றும்போது விட்டுவிட்டு, நிற்கிற கணத்தில் சொல்லைப் போடுவான். ஒரு மதியம் துண்டு மடித்துக்கொண்டே இதைச் சொன்னான்:

நேத்துப் படுத்தவன் யாரு, நாளைக்குப் படுப்பவன் யாரு,
வெளுத்துக் குடுக்கிற எனக்குத் தெரியும், வெள்ளைக்கு ஏது பேரு.
பிறந்த புள்ளைக்கும் இதே துணி, பிரிஞ்ச உசுருக்கும் இதே துணி,
நடுவுல கொஞ்சம் கஞ்சி போட்டு நிமிர்ந்து நிக்கிற நாமும் துணி.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறவர்களுக்குத்தான் அந்த மூன்றாவது வரி முழுதாகப் புரியும். இஸ்திரி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சோப்பு நாலு வரியையும் திருப்பிச் சொல்லிப் பார்த்து எதுகையைச் சரிபார்த்துத் தலையாட்டினார். வேன் டிரைவர் எழுந்துபோய் மார்க்கரை எடுத்துவிட்டார்.

"முதல் இடம் காலியாத்தானே இருக்கு. எழுதிருவோம்."

"உயிரோட இருக்கான்ல" என்றேன் நான்.

"யோவ் மேஸ்திரி, நம்ம பையன்யா."

"நம்ம பையன்னு பாக்கறதுக்கா சட்டம் போட்டோம்?"

மாப்பிள்ளையே டிரைவரின் கையிலிருந்து மார்க்கரை வாங்கி மூடினான். "மச்சான் சொல்றது சரிதான். விடுங்கண்ணே. நாளைக்கு நான் மெத்தை வித்தா என்ன பண்ணுவீங்க?" என்று சிரித்தான். அவனுக்கு வருத்தமே இல்லை. எதிலும் வருத்தப்படத் தெரியாத பிறவி.

முழு வாக்குமூலம் என்றால் எல்லாம் இருக்க வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன், இதற்கும் மற்றதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு காலத்தில் நானும் எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளி மேடையில் ஒருமுறை ஏறினேன். இரண்டு வரி வந்தது, மூன்றாவது வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தேன். அந்த நோட்டு வீட்டில் எங்கோ கிடந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் மாப்பிள்ளை அதைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு, "நல்லா இருக்கு மச்சான், நிஜமாவே நல்லா இருக்கு" என்றான். இரண்டு முறை சொன்னான். நல்லா இருப்பதை யாரும் இரண்டு முறை சொல்வதில்லை. ஆனால் நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகுதான் அந்தச் சோப்புத்தூள் கம்பெனிக்காரர் வந்தார். எங்களுக்குச் சரக்கு போடுகிற கம்பெனிதான். கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர் யானைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை பாடுவதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். இரண்டு வாரத்தில் விஷயம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை டிவி விளம்பரத்தில் பாடப்போகிறான். வேலையை விட்டுவிட்டு இனிமேல் அதுதான்.

தங்கை பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் வேலை செய்கிறாள். அன்றைக்குக் கழுத்தில் அளவு நாடாவோடு நேராக எங்கள் கூடத்துக்கு ஓடி வந்தாள். எனக்கு அவள் சிரிப்பு நினைவிருக்கிறது. அம்மா போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான், "உங்களை விட்டுட்டுப் போவேனா மச்சான்? உங்களுக்கும் கேட்டு வாங்கிட்டேன். நான் 'வெளுத்துப் போச்சு'ன்னு சொல்லும்போது பின்னால நாலு பேரு 'ஆமா'ன்னு சொல்லணும். அதுல ஒருத்தர் நீங்க."

நாலு பேரில் ஒருவன். ஆமா என்று சொல்ல வேண்டும். நான் சரி என்றேன். எனக்கு அதில் கோபம் வந்தது என்று உங்கள் பக்கத்தில் இருந்த அந்த ஐயா நேற்று எழுதிக்கொண்டார், அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அவன் நல்ல மனதோடுதான் கேட்டான்.

என் கவலை வேறு. அந்த நாலு வரியைச் சொன்ன வாய் இனிமேல் கறை போச்சு கவலை போச்சு என்று பாடும். ஊரெல்லாம் கேட்கும். நாளைக்கு எவனோ ஒரு சலவைக்கூடத்தில் எவனோ ஒரு மேஸ்திரி ப்ளீச்சை எடுத்து அவன் பெயரைத் தேய்ப்பான். மூன்று வாரம் எனக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. ஒருவனை நெஞ்சார நேசிக்கிறவனுக்குத்தான் இந்த வேதனை தெரியும். அவன் அப்படியே, அந்த நாலு வரியோடு, கெடாமல் நின்றுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எப்படி நிற்பது என்று யோசித்துப் பார்த்தேன். யாராலும் சும்மா நிற்க முடியாது அல்லவா?

அவனுக்கு வேலையில் கடைசி வாரம். செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி இருக்கும். யானைக்குள் விரிப்புகள் முறுக்கிக்கொண்டு சிக்கிவிட்டன. இது மாதத்தில் இரண்டு முறை நடக்கும். மெலிந்த ஆளாக ஒருவர் உள்ளே இறங்கி அறுத்து எடுக்க வேண்டும். எங்களிடம் ஒரு முறை உண்டு. ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் பொறித்த சின்னத் தகடு இருக்கும். உள்ளே போகிறவர் தன் தகட்டை சுவிட்ச் பெட்டியில் மாட்டிவிட்டுத்தான் போவார். தகடு தொங்கினால் முதலாளியே வந்தாலும் சுவிட்சைத் தொடக் கூடாது. மாட்டியவர் வெளியே வந்து தன் கையால்தான் எடுக்க வேண்டும். இந்த முறையைக் கூடத்தில் கொண்டுவந்தவனும் நான்தான். பதினான்கு வருஷத்தில் ஒரு விரல் நசுங்கியது கிடையாது.

மாப்பிள்ளை தகட்டை மாட்டினான். "மச்சான், நான் வர்ற வரைக்கும் இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினான். டிரைவர் வெளியே போயிருந்தார். அக்காவும் சோப்பும் அந்தக் கோடியில் இருந்தார்கள்.

உள்ளே இருந்து அவன் பாடுவது கேட்டது. உருளைக்குள் குரல் நன்றாகச் சுற்றி வரும். அந்த விளம்பரப் பாட்டுத்தான். நடுவில் சிரித்தான், தப்பாகப் பாடிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தான் ஐயா.

தகட்டை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கதவைச் சாத்தினேன். சுவிட்சைப் போட்டேன். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்து நிறுத்தும்வரை ஓடியது. மச்சான் என்று ஒருமுறை கூப்பிட்டது போல இருந்தது. ஏழு மெஷின் ஓடுகிற இடத்தில் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு நான் அழுதது நடிப்பு இல்லை. ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கூடப் போனேன். அவனை ஒரு விரிப்பால் போர்த்தியிருந்தார்கள். ஓரத்தில் எங்கள் கூடத்து முத்திரை இருந்தது.

விசாரிக்க வந்தவர்களிடம், "தகடு மாட்டாம இறங்கிட்டான் போல. உள்ளே ஆள் இருக்கிறது எனக்குத் தெரியாது" என்றேன். எல்லாரும் நம்பினார்கள். வேலையை விடப்போகிற சந்தோஷத்தில் மறந்திருப்பான் என்று அவர்களே எனக்குச் சமாதானம் சொன்னார்கள். டிரைவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீங்க உங்களையே நொந்துக்காதீங்க மேஸ்திரி" என்றார்.

நான் தானாக வந்து உங்களிடம் சொன்னது ஏன் என்று கேட்டீர்கள். என் தங்கையால்தான். அவள் அழவில்லை ஐயா, அவனைத் திட்டுகிறாள். சுவரில் இருக்கிற படத்தைப் பார்த்துத் திட்டுகிறாள். "ஒரு தகட்டை மாட்டத் தெரியாதா உனக்கு? நூறு தடவை சொன்னேனே. என்னை விட உனக்குப் பாட்டு பெருசாப் போச்சா?" தைக்கும்போது திட்டுகிறாள், தட்டு கழுவும்போது திட்டுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாள் கேட்பது? அவன் அவள் சொன்னதை மறக்கவில்லை. மாட்டிவிட்டுத்தான் இறங்கினான். செத்தவன்மேல் செய்யாத தப்பு விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் அந்தத் தகட்டை எடுத்துவந்து உங்கள் மேசையில் வைத்தேன். அவளிடம் அதை மட்டும் சொல்லிவிடுங்கள். அவன் மாட்டினான் என்று.

இவ்வளவோடு முடித்துவிடலாம் என்று இருந்தேன். ஆனால் கதவில் பெயர் ஏறியதா என்று இன்று காலை கேட்டீர்கள். கூடத்துக்குப் போய்ப் பார்த்திருப்பீர்கள் போல. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பது நாள் மூடிக்கிடந்து கூடம் திறந்தது. அவனுடைய செருப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துப்போகத் தங்கை வந்திருந்தாள். மதிய நேரம். யாரும் சாப்பிடவில்லை. டிரைவர் மெதுவாக எழுந்துபோய் மார்க்கரை எடுத்தார்.

"இப்ப உங்க சட்டம் தடுக்காதுல்ல மேஸ்திரி?" என்றார். குத்திக் காட்டவில்லை, மார்க்கரின் மூடியைத் திறந்துகொண்டேதான் கேட்டார்.

"தடுக்காது" என்றேன்.

"முதல் இடத்துக்கு. கை தூக்குங்க."

அவரே முதலில் தூக்கினார். சோப்பு தூக்கினார். அக்கா தூக்கினார், தூக்கிக்கொண்டே தங்கையைப் பார்த்து, "அவன் கைக்குப் பதிலா நீ தூக்கும்மா" என்றார். தங்கைக்கு எங்கள் சண்டையெல்லாம் புரியாது. டப்பாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். நாலு கை மேலே நின்றது. எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

என் கை மடியில் இருந்தது.

நான் என்னென்னவோ யோசித்தேன். இருந்ததே அந்த நாலு வரிதான். கிழவனுக்கு நூறு பாட்டு இருக்கிறது. திக்குவாய் பாடாத விஷயம் கிடையாது. சொந்தக்காரன் என்பதற்காக, செத்துவிட்டான் என்பதற்காக, ஒருவனைத் தூக்கி முதல் இடத்தில் வைத்துவிட்டால் அந்தக் கதவுக்கு என்ன மரியாதை? டிரைவர் கையை இறக்கினார். பிறகு மற்றவர்கள். கடைசியாகத்தான் தங்கை இறக்கினாள்.

"ஏன் அண்ணா?" என்று கேட்டாள்.

நான் உள்ளதைச் சொன்னேன் ஐயா. அவளிடம் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன், இதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை. அவன் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. இன்னும் நாலைந்து வருஷம் உயிரோடு இருந்திருந்தால் வந்திருப்பான்.